தண்டின் இரு முனைகள்: திருநீலகண்ட நாயனார் புராணம் பற்றிய ஒரு நோக்கு

கடவுளிடத்து மெய்யன்பு பூண்டவன் மனிதரிடத்தும் அன்பு பூண்டவனாவான் என்பது நமது சமய மேடைகளிலே அடிக்கடி கேட்கப்படும் கூற்றாகும். கேட்போர் தலையசைப்பர்; கூட்டம் முடிந்ததும், ஒருவரோடொருவர் பேசாதிருந்தவர்கள் பேசாதவர்களாகவே தத்தம் வீடு திரும்புவர். இக்கூற்றை நிறுவுவதோ மறுப்பதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. அடியார் வரலாறுகளையே பொருளாகக் கொண்ட பெரியபுராணம் இதனை எங்ஙனம் எதிர்கொள்கிறது என்று பார்ப்பதே நோக்கமாகும். அதனிலும் திருநீலகண்ட நாயனார் புராணம் ஒன்றையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அதனையடுத்து வரும் இரு புராணங்களை ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொள்வேன்.

இரண்டாம் குலோத்துங்க சோழன் (1133–1150) காலத்தில் சேக்கிழார் இயற்றிய இந்நூலை இலக்கிய நயம் என்ற அளவிலோ பக்திச் சுவை என்ற அளவிலோ மட்டும் நின்று படித்த காலம் கழிந்துவிட்டது. நாயன்மார் காலத்தைச் சமுதாய வரலாற்றுப் பின்னணியில் வைத்து ஆராயும் முறையினைப் பேராசிரியர் க. கைலாசபதி 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' (1966) என்னும் நூலிலே நமக்குக் காட்டித் தந்தார். வேதியர், வேளாளர், வணிகர், குயவர், வேடர், புலையர் ஆகிய பலரும் 'அடியார்' என்னும் ஒரு சொல்லின் கீழ் நிறுத்தப்பட்டமையின் சமூகப் பொருள் யாது என்று அதன்பின் நாம் கேட்கத் தொடங்கினோம். அச்சொல் தரும் ஒருமைப்பாடு கோயில் வாசல்வரை வந்து அங்கேயே நின்றுவிடக் கூடியது என்பதை 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் நம் கண்முன்னே காட்டியது. இவையெல்லாம் வேண்டிய கேள்விகளே. ஆயினும் அரசு, நிலம், குலம் என்பன பற்றிப் பேசும் நாம் அடியாரின் வீட்டுப் படியைத் தாண்டி உள்ளே செல்வது அரிது. சேக்கிழாரோ தில்லைவாழ் அந்தணரைத் தொகையாகப் போற்றிய பின், தனியடியார் வரலாற்றைத் தொடங்கும் முதலிடத்திலேயே நம்மை ஒரு குயவரின் சிறிய வீட்டினுள் அழைத்துச் செல்கிறார். அங்கே நிகழ்வது கணவன் மனைவி பிணக்கு.

கதை யாவரும் அறிந்ததே. தில்லையிலே வாழ்ந்த குயவர் ஒருவர் சிவனடியார்களுக்குத் திருவோடு வனைந்து கொடுக்கும் தொண்டினைச் செய்து வந்தார். நஞ்சுண்ட கண்டத்தினை வியந்து 'திருநீலகண்டம்' என்று ஓயாது சொல்பவர். அவருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. சுந்தரரும் அவரைத் திருநீலகண்டத்துக் குயவனார் என்றே குறித்துள்ளார். இளமையிலே அவர் ஒரு பரத்தையிடம் சென்று மீள்கிறார். மனைவியார் ஊடுகிறார், இல்லறத்துக்கு வேண்டிய பணிகள் யாவும் செய்தும் உடனுறைவுக்கு இசையாதிருக்கிறார். கணவர் இரந்து நெருங்கித் தீண்டப் புகும்போது, 'எம்மைத் தீண்டற்க' என்னும் பொருள்பட அத் திருநீலகண்டத்தின்மீதே ஆணையிடுகிறார். 'எம்மை' என்று பன்மையிற் சொன்னமையால், மனைவியாரை மட்டுமன்றி மாதர் எவரையும் மனத்தாலும் தீண்டேன் என்று கணவர் உறுதி பூணுகிறார். பிறர் அறியாதவாறு அச்சிறு வீட்டிலேயே இருவரும் வாழ்ந்து முதுமை எய்துகின்றனர்.

இப்புராணத்துக்குக் கூறப்படும் மரபுவழி விளக்கம், இறைவன் பெயரால் இட்ட ஆணையைக் கடவாமையும் புலனடக்கமுமே இதன் சாரம் என்பதாகும். புராணத்தின் முடிவில் இறைவனும் அவர்களைப் புலன்களை வென்றவர்கள் என்றே பாராட்டுவதால் இவ்விளக்கம் தவறென்று கூறவியலாது. ஆனால் அது போதாது. ஆணையைக் காத்தல் மட்டுமே பொருளாயின், கதை அவர்களுடைய முதுமையோடு முடிந்திருக்கலாம். சேக்கிழாருக்கு முன்னோடியான நம்பியாண்டார் நம்பி, திருத்தொண்டர் திருவந்தாதியில் ஆணை, துறவு, முதுமை, மீண்ட இளமை என்பவற்றை ஒரு செய்யுளிலே சொல்லி முடித்துவிடுகிறார். ஓடு மறைந்த கதையும் சபை வழக்கும் மூங்கில் தண்டும் அச்செய்யுளில் இல்லை. சேக்கிழார் விரித்துரைத்த பகுதி எதுவோ அதிலேதான் அவருடைய அக்கறை புலப்படும் என்று கொள்வது திறனாய்வு முறைக்கு ஒத்ததே.

அகத்திணை மரபினை அறிந்த மாணவனுக்கு இக்கதையின் தொடக்கம் புதிதன்று. பரத்தையிற் பிரிவும் தலைவியின் ஊடலும் மருதத்திணையின் பழம்பொருள். அம்மரபிலே ஊடல் தானாகத் தீர்வது குறைவு. தீர்ப்பதற்கு 'வாயில்கள்' உண்டு. தோழியும் பாணனும் விறலியும் வந்து தலைவனுக்காகப் பேசுவர்; சில வேளைகளில் தெருவிலே விளையாடும் சிறுமகனே வாயிலாவான். தொல்காப்பியக் கற்பியல் பன்னிரு வாயில்களைத் தொகுத்துக் கூறுகிறது. இருவரிடையே எழுந்த பிணக்கைத் தீர்க்க மூன்றாமவர் ஒருவர் வேண்டும் என்ற உலகியல் அறிவு அம்மரபில் அடங்கியுள்ளது. தில்லைக் குயவரின் வீட்டிலோ வாயில் எதுவும் இல்லை. பாணன் இல்லை, தோழி இல்லை, மகவும் இல்லை. இடையே நிற்பது இறைவனின் பெயர் ஒன்றே. அதுவோ இணைக்கும் வாயிலாகாது, தடுக்கும் கதவாகவே பயன்பட்டது.

இங்கே 'எம்மை' என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்கவேண்டும். உரைகாரர்கள் அப்பன்மையைப் பெரிதும் பாராட்டுவர். ஆனால் கோபங்கொண்ட பெண்ணொருத்தி 'எம்மை' என்பது தன்னையே விலக்கி உயர்த்திச் சொல்லும் சொல்லாகவும் இருக்கலாமன்றோ? பிணங்கியவர் ஒருமையை விட்டுப் பன்மைக்குத் தாவுவது இன்றும் நம் வீடுகளிலே கேட்கக்கூடியதே. அச்சொல்லாலே உலகத்து மாதரையெல்லாம் அவர் கருதினாரா, தம்மை மட்டும் கருதினாரா? அதனை அறியக்கூடியவர் அவர் ஒருவரே. அவரும் அதே வீட்டில், சில அடி தூரத்தில் இருந்தார். கணவர் கேட்கவில்லை. கேளாமலே சொல்லின் எண்ணைக் கொண்டு பொருளை விரித்து, அவ்விரிவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்துவிட்டார். மறைமொழிக்கு உரை காண்பது போல் அவர் மனைவியின் சொல்லுக்கு உரை கண்டார். ஒரு மனைவியின் சொல்லை ஒரு கணவன் கேட்கும் விதத்தில் அதனைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம், எழுவது நியாயமுமாகும். தவறு செய்தவர் அவர். அத்தவறு மனைவிக்கு மட்டும் இழைத்ததன்று. ஆதலின் தண்டனையையும் விரிவாக்கிக் கொண்டார். அது சொற்சிலம்பமன்று, கழிவிரக்கம் என்று கூறலாம். நானும் இதனைப் பெருமளவுக்கு ஏற்கிறேன். அவர் மனைவியை விட்டு நீங்கவில்லை, வேறிடம் நாடவில்லை, ஊரறிய அவரைப் பழிக்கவுமில்லை. மனைவியாரும் அவ்வாறே. இறைவன்மீது இருவருக்கும் இருந்த ஒரே பற்று அவர்களைக் கீழ்மையிலிருந்து காத்தது என்பதில் ஐயமில்லை. பற்றில்லாதவர்களாயின் அந்த ஆணை ஒரு கிழமைகூட நின்றிராது, அவ்வீடும் நின்றிராது. ஆனால் அதே பற்றுத்தான் ஓர் இரவின் கோபத்தை ஓர் ஆயுளின் நிலைமையாக மாற்றியது என்பதையும் மறைத்தலாகாது. சாதாரணமான இருவர் பத்து நாளில் ஆறவிட்டிருக்கக்கூடிய புண், அவர்கள் அடியார்களாக இருந்தமையாலேயே ஆறவில்லை. மனைவியார் அத்தனை ஆண்டுகளும் என்ன எண்ணியிருந்தார் என்பது பற்றிச் சேக்கிழார் ஒன்றும் கூறுவதில்லை. பெண்மாந்தரின் துணிவைப் பல இடங்களில் உளமாரப் போற்றிய புலவர் இங்கு மௌனமாகிவிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது.

இனி, சிவயோகியார் வருகை. தம்மிடமிருந்த ஓடொன்றைப் பாதுகாக்குமாறு குயவரிடம் கொடுத்துச் சென்று, அதனை மறையச் செய்து, மீண்டு வந்து கேட்கிறார். அடியவர் தேடித் திகைத்து, வேறு நல்ல ஓடு தருவதாகச் சொல்கிறார். யோகியார் இசையாமல் திருடினாய் என்கிறார். திருடவில்லையேல் உன் மகனது கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார். மகன் இல்லை என்றதும், மனைவியின் கையைப் பற்றி மூழ்கு என்கிறார். வழக்குத் தில்லைவாழ் அந்தணர் சபைக்குச் செல்கிறது.

இறைவன் இங்கே எவ்வடிவில் வருகிறான் என்பது நோக்கற்பாலது. அவன் அருள் வழங்குபவனாக வரவில்லை. பொய் வழக்குத் தொடுப்பவனாக, பிடிவாதக்காரனாக, ஊர்ச்சண்டைக்காரனாக வருகிறான். அவன் முதலிற் கேட்டது மகனின் கையை என்பதும் கருதத்தக்கது. அகமரபிலே ஊடல் தீர்க்கும் வாயிலாகிய புதல்வன் இவ்வீட்டில் இல்லை என்பதும், அவன் ஏன் இல்லை என்பதும் அக்கேள்வி ஒன்றினாலே வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன. தொல்காப்பியர் கூறும் வாயில்களிடையே விருந்தினரும் அறிவரும் கண்டோரும் அடங்குவர். யோகியார் விருந்தினராகவும் அறிவராகவும் வருகிறார். சபையார் கண்டோராக அமைகின்றனர். சேக்கிழார் இதனை எண்ணித்தான் அமைத்தார் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் பழைய அகமரபில் ஊறிய உள்ளத்திலிருந்து இக்கட்டமைப்பு பிறந்தது என்று கருதுவதில் பிழையிருக்காது. அடைபட்ட வீட்டுக்கு இறைவனே வாயிலாகிறான். அதுவும் தொல்லை கொடுப்பதன் மூலம்.

சபையார் தீர்ப்பின்படி குயவர் மனைவியாருடன் திருப்புலீச்சுரத்துக்கு முன்னுள்ள குளத்துக்குச் செல்கிறார். அங்கே ஒரு மூங்கில் தண்டின் ஒரு முனையை அவர் பற்ற, மறுமுனையை மனைவியார் பற்றுகிறார். தமிழிலக்கியத்திலே மனித உறவினைக் காட்டும் காட்சிகளுள் இதற்கிணையானவை சிலவே. ஆணையும் பிழைக்கவேண்டும், சபையின் சொல்லும் நடக்கவேண்டும். ஆகவே ஒரு தண்டு. அவர்கள் அத்தனை காலமும் வாழ்ந்த வாழ்க்கையின் வடிவமே அதுதான். ஒன்றாக இருக்கிறார்கள், தொடவில்லை. வெளியார் பார்வைக்கு இணைந்தவர்கள். நடுவே ஒரு முழ நீளம். யோகியார் இதனை ஏற்கவில்லை. கையையே பிடிக்கவேண்டும் என்கிறார். அப்போதுதான் அடியவர், அங்கிருந்த அனைவரும் கேட்கத் தமது பழைய வரலாற்றைச் சொல்கிறார்.

என் கருத்தில் இப்புராணத்தின் உச்சம் இறைவன் காளைமீது தோன்றும் இடமன்று, இந்த இடமே. அதுவரை ஒருவரும் அறியாதிருந்த செய்தி, தவறு செய்தவர் வாயாலேயே ஊர் நடுவில் சொல்லப்படுகிறது. மனைவியார் அருகிலே நின்று கேட்கிறார். தம் கணவர் அந்த ஆணையை எவ்வாறு விளங்கிக்கொண்டார், எதற்காகக் காத்தார் என்பதை அவரும் முழுமையாகக் கேட்டது அன்றுதானோ என்னவோ. பக்தி அவர்களை அவ்விடம்வரை கெடாமற் கொண்டுவந்தது உண்மை. கதவைத் திறந்தது பக்தியன்று, வாய்விட்டுச் சொன்ன சொல்லே.

இக்கருத்துக்கு வலுச் சேர்ப்பதற்காக அடுத்துவரும் இரு வீடுகளையும் எட்டிப் பார்க்கலாம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகராகிய இயற்பகை நாயனார், இல்லையென்னாது கொடுப்பவர். அடியார் வேடத்தில் வந்தவர் அவருடைய மனைவியையே கேட்க, அவர் உள்ளே சென்று, 'உன்னைக் கொடுத்துவிட்டேன்' என்ற அளவில் அறிவிக்கிறார். மனைவியார் கலங்கிப் பின் தெளிந்து, கணவர் சொல்லே தமக்குக் கடமை என்கிறார். எதிர்த்து வந்த சுற்றத்தாரை நாயனார் வாளால் வெட்டி வீழ்த்துகிறார். முந்தைய புராணத்திலே மனைவியின் ஒரு சொல் கணவனின் ஆயுளைக் கட்டியது. இங்கே கணவனின் ஒரு சொல் மனைவியையே கைமாற்றுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாடிய புலவருக்கு இந்த முரண் தெரியாமல் இருந்திருக்குமா? மாண்ட சுற்றத்தாரும் வானுலக இன்பம் பெற்றனர் என்று அவர் இறுதியிலே சேர்த்துச் சொல்வதைக் காணும்போது, அவர்களுடைய குருதி அவருடைய நெஞ்சையும் உறுத்தியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. என்னைப் பொறுத்தவரை அந்த ஈடு போதவில்லை. உறவினர் கேட்டது பிழையான கேள்வியன்று.

மூன்றாவது வீடு இளையான்குடி மாறனாருடையது. வறுமை, மழை இரவு, கதவைத் தட்டும் அடியார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. கணவர் மனைவியாரிடம் 'என்ன செய்வோம்' என்று கேட்கிறார். இனிக் கடன் கேட்க ஊரில் ஒருவரும் இல்லை, பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம் என்று அவர் வழி சொல்கிறார். கணவர் இருளில் காலால் வழி தடவிச் சென்று நெல்லை வாரி வருகிறார். விறகில்லை என்றதும் கூரையின் மரத்தை அறுத்துத் தருகிறார். பக்தியின் அளவில் இவர் இயற்பகையாருக்குக் குறைந்தவரல்லர். விதைநெல்லைக் கொடுத்தவன் வரும் ஆண்டையே கொடுத்தவன். ஆயினும் இக்கதை நமக்கு உறுத்தவில்லை. ஏன்? இங்கே இருவரும் பேசிக்கொள்கிறார்கள். கொடுக்கப்படுவது இருவருடையது, கொடுப்போம் என்ற முடிவும் இருவருடையது. இயற்பகையார் அறிவித்தார், மாறனார் கேட்டார். அந்தப் 'பேரன்பு' என்னும் ஒரே சொல்லாலே இரண்டையும் போர்த்துவிடுவது நமது சமயச் சொற்பொழிவாளரின் பழக்கம்.

இவ்விடத்திலே எனது சொந்த அனுபவமொன்றைக் கூறுவதற்கு வாசகர் பொறுத்தருள வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலிலே குருபூசை நாட்களில் பெரியபுராணம் படிப்பார்கள். ஒருவர் இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். திருநீலகண்டர் கதை படிக்கப்பட்ட ஒரு நாளில், பயன் சொன்னவர் ஆணையின் பெருமையை நெடுநேரம் எடுத்துரைத்தார். அம்மம்மா அருகே இருந்து நானும் கேட்டேன். வீடு திரும்பும் வழியில் அவர், "பாவம் அந்தப் பொம்பிளை. கோபத்திலை ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டு, அவ்வளவு வருசமும் என்னத்தை நினைச்சுச் சமைச்சவளோ, ஆருக்குத் தெரியும்" என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

அம்மம்மாவுக்கும் அவருடைய தம்பிக்கும் வேலி எல்லை குறித்து நெடுங்காலப் பிணக்கு. அதே பிள்ளையார் முன்னிலையில், அவன் வளவுக்குள் இனிக் காலடி வைப்பதில்லை என்று அம்மம்மா சத்தியம் செய்திருந்தார். இருவரும் நாள் தவறாமல் கோயிலுக்கு வருபவர்கள். ஒருவர் வடக்கு வீதியால் வந்தால் மற்றவர் தெற்கு வீதியால் போவார். தைப்பொங்கலன்று பொங்கலையும் வருடப்பிறப்பன்று பலகாரத்தையும் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நான். அங்கிருந்து மாம்பழம் வரும். அதையும் கொண்டுவருவது நான். ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லி அனுப்பியதில்லை. தம்பி இறந்த அன்று அம்மம்மா போனார். படலைவரை போய், வெளியே ஒழுங்கையிலே நின்றார். உள்ளே வருமாறு அவர்கள் வந்து அழைத்தும் போகவில்லை. பிரேதத்தை வெளியே கொண்டுவந்தபோது படலையடியில் சற்று இறக்கி வைத்தார்கள். சத்தியம் பிழைக்கவில்லை. அதனைப் பற்றி ஊரிலே பெருமையாகப் பேசியவர்களும் உண்டு. அம்மம்மா அதுபற்றி ஒருபோதும் பெருமையாகப் பேசியதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வந்து இப்புராணத்தைப் பாடமாகப் படித்தபோது, குளக்கரைக் காட்சியில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஒழுங்கைதான். தண்டினைப் பற்றியிருக்கும் இரு அடியவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனைப் பற்றியிருந்ததனாலேயே அவர்கள் அவ்வளவு காலம் பிரியாதிருந்தனர். யோகியாரின் பிடிவாதத்தையும் இப்போது என்னால் பழிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் அப்படியொரு வம்புக்காரர் வந்து வழக்குப் பேசவில்லை. பேசியிருக்கக்கூடிய வயதில் நானும் இருக்கவில்லை.

சேக்கிழார் பாட்டிலே இன்னுமொரு நுட்பம் உண்டு. யோகியார் கேட்டது மனைவியின் கையைப் பற்றி மூழ்குமாறு. அடியவர் தம் வரலாற்றைச் சொன்னார்; பின்னர் இருவரும் மூழ்கினர்; எழுந்தபோது மூப்பு நீங்கி இளமை பெற்றிருந்தனர் என்று புராணம் கூறுகிறது. இன்றும் சிதம்பரத்திலே அத்தலத்துக்கு இளமையாக்கினார் கோயில் என்பதே பெயர். ஆனால் மூழ்கும்போது அவர்கள் கையைப் பற்றினர் என்று சேக்கிழார் சொல்லவில்லை. அந்த மூங்கில் தண்டு பின்னர் என்னவாயிற்று என்றும் அவர் சொல்லவில்லை.